சிலிண்டரை மூடிப் பாருங்கள்

செம்பூருக்குப் பின்னால், உப்பங்கழியை ஒட்டியிருந்த ஓர் எண்ணெய்க் கிடங்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கப்பலில் வரும் எண்ணெயையும் அதிலிருந்து பிரித்தெடுத்த ரசாயனங்களையும் பெரிய பெரிய தொட்டிகளில் நிரப்பி வைத்து, டேங்கர் லாரிகளில் ஏற்றி அனுப்புகிற இடம் அது. எண்ணெய்ப் பக்கமே நான் போனதில்லை. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் நாற்றம் தாங்காமல் ஃபோன் செய்தால் எடுத்துப் பேசுவதுதான் என் வேலை.

கம்பெனிப் பதிவேட்டில் நாற்றம் என்று எழுதக்கூடாது. கேஸ் என்றும் எழுதக்கூடாது. ‘வாசனை பற்றிய தகவல்’ என்று எழுத வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே மேனேஜர் சொல்லிக்கொடுத்தார். அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ப்யூன் டீ கொண்டுவந்து வைத்தால்கூட நன்றி சொல்வார். என்னையும் வாங்கோ, போங்கோ என்றுதான் பேசுவார். தாராவியில் பிறந்த எனக்கு அதுவரை யாரும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

முதல் வருடம் ஃபோனில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். பிறகு நானாகவே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தேன். “உங்க வீட்டு கேஸ் சிலிண்டரைப் பாத்தீங்களா? ரெகுலேட்டரை மூடிட்டு வந்து சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்” என்பேன். கேட்டவுடன் எல்லோரும் திட்டுவதை விட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் லைனைத் துண்டித்துவிடலாம். பதிவேட்டில் ‘புகார் சொன்னவர் வீட்டிலேயே கசிவு, சரிசெய்யச் சொல்லப்பட்டது’ என்று எழுதி முடித்துவிடலாம். பாதிப் பேர் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். மேனேஜர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நன்னா பண்றேள்” என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிப் போனேன்.

என் அக்கா தாராவியில் பெரிய நாலாவின் கரையில் இருந்தாள். நாலா என்பது அந்தப் பகுதியின் சாக்கடையெல்லாம் சேர்ந்து ஓடும் கால்வாய். நாங்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது எப்போதாவது ஒரு மழைக்கு அதில் தண்ணீர் ஏறி வாசல்படி நனையும். அக்காவுக்குக் கல்யாணமாகி அதே வீட்டில் குடித்தனம் செய்தபோது வருடம் தவறாமல் அடுப்பு முழுகியது. ஒரே நாளில் ஒரு மாதத்து மழை கொட்டியது. கடல் சூடாகிவிட்டது, எண்ணெயும் நிலக்கரியும் எரித்து எரித்து மழையே மாறிவிட்டது என்று டிவியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் சேனலை மாற்றினேன். என் சம்பளம் எண்ணெயிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். எங்கள் வீட்டில் எண்ணெயைப் பற்றி யாரும் குறை பேசியதில்லை.

வெள்ளத்துக்காக நாலாவை அகலப்படுத்தினார்கள். கரையில் இருந்த வீடுகளை இடித்தார்கள். அக்காவுக்குப் பதிலுக்கு ஒரு வீடு ஒதுக்கினார்கள். ஏழாவது மாடியில் ஒற்றை அறை. கட்டடம் எங்கள் கிடங்கின் மதில் சுவருக்கு நேர் எதிரே இருந்தது.

சாவி கிடைத்த அன்று அக்கா ஃபோன் செய்தாள். “ஏட்டி, வீட்டுக்குள்ளயே கக்கூஸு இருக்குட்டி! லிப்டு வேற. ஜன்னலைத் தொறந்தா ஒங் கம்பெனி டாங்கிதான் வரிசையா தெரியுது. நீ எங்க உக்காந்திருக்க, கை காட்டு பாப்பம்” என்று சிரித்தாள்.

நான் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை.

அத்தான் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தவர். புது இடத்திலிருந்து தினம் போய்வர முடியவில்லை. ஒரு கான்ட்ராக்டரிடம் சொல்லி எங்கள் கிடங்கிலேயே டேங்கர்களைக் கழுவும் வேலை வாங்கிக்கொடுத்தேன். டேங்கருக்குள் இறங்கி, அடியில் தங்கியிருக்கும் கசடை வாரி, குழாயால் அடித்துக் கழுவ வேண்டும். கேட்டில் காட்டும் பாஸை அவர் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிந்தார். வீட்டிலும் கழற்ற மாட்டார். “எந் தங்கச்சி வாங்கிக் குடுத்த வேலை” என்று அக்கா மாடி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அந்தக் குடும்பமும் அன்றிலிருந்து எங்கள் தொட்டிகளை நம்பித்தான் உலை வைத்தது.

நாற்றம் முதலில் அழுகிய பலாப்பழம் போல இனிப்பாக வரும். கொஞ்ச நேரத்தில் தொண்டையின் அடியில் பழைய காசைச் சப்பினது போல ஒரு கசப்பு தங்கும். டேங்கரில் சரக்கு ஏற்றும்போது, காற்று உப்பங்கழிப் பக்கமிருந்து அடித்தால், நேராக அந்தக் கட்டடங்களுக்குள் போகும். என் அறையில் ஏசி இருந்தது. ஜன்னல் திறக்காது.

ஒரு ஏப்ரல் மத்தியானம், அனல் பறக்கிற வெயிலில், அந்த ஃபோன் வந்தது. ஹிந்தியில் பேசினாள். தாராவி ஹிந்தி, நடுநடுவே திருநெல்வேலி இழுப்பு.

“மேடம், பஹுத் பாஸ் ஆ ரஹா ஹை, நாத்தம் தாங்க முடியலை. எதிர் வீட்டுக் குழந்தைக்கு மூச்சு ஏறலை. என்ன திறந்து விட்டிருக்கீங்க அங்கே?”

என் அக்கா. முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. ஆபீஸில் நான் பேசும் ஹிந்தி வேறு, குரலும் வேறு. நான்தான் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து மேஜையில் இன்னொரு பெண் இருந்தாள். ஃபோனில் பேசுவதெல்லாம் பதிவாகும். ஆனால் காரணம் அது மட்டுமல்ல. அக்கா என்னைத் திட்டுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தாள், நான் மேடம் ஆக இருந்தேன். அந்த இடத்திலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

“உங்க வீட்டு சிலிண்டரைப் பாத்தீங்களா?” என்று ஹிந்தியில் கேட்டேன்.

“சிலிண்டர் இல்ல மேடம். இது வெளியிலேருந்து வருது.”

“ஒருதரம் மூடிப் பாத்துட்டு வாங்க. நான் லைன்ல இருக்கேன்.”

ஃபோனை எதன்மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. அவள் இருமிக்கொண்டே போனாள். ஒரு பாத்திரத்தை நகர்த்தினாள். நான் லைனைத் துண்டித்தேன். பதிவேட்டில் வழக்கமான வரியை எழுதினேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

எதிர் வீட்டில் இருந்தவள் ஒரு மராட்டிப் பெண். அவளுக்கு ஆறு மாதக் குழந்தை. அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தைப் புகையாக மூக்கில் பிடிக்கிற மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பாதிக்குப் பாதி பாஷை புரியாது. ஆனாலும் அவள் குழந்தைக்கு மெஷின் பிடிக்கும்போதெல்லாம் அக்காதான் கூட உட்கார்ந்திருப்பாள். இருவரும் சேர்ந்து மாடி மாடியாக ஏறி, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு மனு தயார் செய்தார்கள். அக்கா எப்போதும் அப்படித்தான். தாராவியில் குழாயடியில் அவள் முன்னால் நின்று சண்டை போடுவாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று குடத்தை நிரப்பிக்கொள்வேன்.

மனுவின் நகல் எங்கள் ஆபீஸுக்கும் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கடைசித் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நிறைய கைநாட்டுகள், மராட்டியிலும் ஹிந்தியிலும் உருதுவிலும் கையெழுத்துகள். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரே ஒரு தமிழ்க் கையெழுத்து. முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவளின் உருண்டை உருண்டையான எழுத்து.

“எனக்கு தமிழ் சரியா வாசிக்க வராது. இது யாருன்னு தெரியுமோ உங்களுக்கு?” என்றார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அவர் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார்.

அந்த மாதம்தான் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மகளின் பள்ளி, செம்பூர் வாடகை வீடு, எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. இப்படிப் பல நாள் எனக்கே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. படித்தவள் நான். பட்டம் வாங்கியவள் நான். அவளோ ஏழாவது படித்துவிட்டு, நான் மூடி வைக்கிற விஷயத்தை எல்லோரையும் கூட்டித் திறக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

“இந்தம்மாவோட வீட்டுக்காரர் நம்ம டேங்கர் கழுவற இடத்துலதான் சார் வேலை பாக்கறார்” என்றேன்.

“அப்படியா” என்றார். தாளை ஃபைலில் வைத்தார். “நீங்க போய் வேலையைப் பாருங்கோ.”

என் அக்கா என்று நான் சொல்லவில்லை.

நான்காம் நாள் அத்தானின் பாஸ் கேட்டில் வேலை செய்யவில்லை. காவலாளி திரும்பத் திரும்ப மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறான். கான்ட்ராக்டர் ஃபோனை எடுக்கவில்லை. அத்தான் ஒரு வாரம் தினமும் காலையில் போய், வெயில் ஏறும் வரை கேட்டுக்கு எதிரே நின்றார். நான் வரும் கம்பெனி பஸ் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகும். அவர் பஸ்ஸைப் பார்த்துக் கையை உயர்த்துவார். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு குனிந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“ஏட்டி, நான் கையெழுத்து போட்டதுனாலதான் அவுங்க பாஸை நிறுத்திட்டாங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அவ்வளவு பேரு போட்டிருக்கோம். எம் புருசன் இன்னாருன்னு அவனுவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? எவளோ போட்டுக் குடுத்திருக்கா. இருக்கட்டும். நீ ஒங்க பெரியவருகிட்ட ஒரு வார்த்த பேசுட்டி. ஒம் பேச்சக் கேப்பாருல்லா?”

பேசுகிறேன் என்றேன். அவள் சாப்பிடாமலே போனாள்.

மேனேஜரிடம் மறுநாள் சொன்னேன். அப்போதுதான் அவள் என் அக்கா என்பதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. “பாவம், கஷ்டப்படற குடும்பம். நமக்கென்ன அவாமேல விரோதமா? புகாரை வாபஸ் வாங்கிண்டு ஒரு லெட்டர் குடுத்தா போறும். வாசகம் நம்ம வக்கீலே அனுப்புவார். நீங்களே கையெழுத்து வாங்கிண்டு வந்துடுங்கோ” என்றார்.

கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. மூன்று பத்தி. முதல் பத்தியில் புகாரைத் திரும்பப் பெறுவதாக இருந்தது. மூன்றாவதில் யாருடைய கட்டாயமும் இல்லை என்று இருந்தது. நடுப்பத்தியில், அக்காவே சொல்வது போல, அந்த நாட்களில் வந்த நாற்றம் என் சொந்த அடுக்களை சிலிண்டரின் கசிவுதான், கம்பெனியின் புகார் எண்ணில் பேசியபோது எனக்கே அது தெரியவந்தது, தெரிந்தும் மற்றவர்களைத் தூண்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினேன், வருந்துகிறேன் என்று இருந்தது. அக்காவின் ஃபோன் நம்பருக்கு எதிரே நான் எழுதிய பதிவேட்டு வரியிலிருந்துதான் வக்கீல் அதை எடுத்திருந்தார்.

அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். முதல் பத்தியைப் படித்தேன். மூன்றாவதைப் படித்தேன்.

“நடுவுல என்ன எழுதியிருக்கு?” என்றாள் அக்கா. பேப்பரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் பேரு, அட்ரஸ்தான்.”

அவள் அதே உருண்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். “அந்தப் பிள்ளைக்குத் துரோகம் பண்ணுதேன்ட்டி” என்று எதிர் வீட்டுப் பக்கம் தலையைக் காட்டிச் சொன்னாள். “நான் ஒருத்தி வாபஸ் வாங்குனா என்ன, மத்தவங்க கையெழுத்து இருக்குல்லா?”

“இருக்குக்கா” என்றேன்.

அத்தானுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. எனக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது மட்டுமல்ல, வேலை நிரந்தரமானது.

மழைக்காலம் முடிந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். கட்டடத்துப் பெண்கள் இரண்டு டெம்போவில் வந்திருந்தார்கள். மராட்டிப் பெண் குழந்தையோடு முன் வரிசையில் இருந்தாள். அக்காவும் வந்திருந்தாள், கடைசி வரிசையில். கையெழுத்தை வாபஸ் வாங்கியதை மராட்டிப் பெண்ணிடம் முன்பே சொல்லிவிட்டிருந்தாள். புருஷனுடைய வேலைக்காக என்றால் பரவாயில்லை, கூட வந்து உட்காரு என்று அவளும் சொல்லியிருக்கிறாள். நான் கம்பெனி பக்கத்து மேஜையில், ஃபைல்களுக்குப் பின்னால் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். தெரிந்த ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்கிற நிம்மதி.

எங்கள் வக்கீல் எழுந்து கடிதத்தைப் படித்தார். நடுப்பத்தியை நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு, எல்லோருக்கும் புரியட்டும் என்று, அதையே மராட்டியில் சொன்னார். இந்த நாற்றத்தைக் கிளப்பியவர் யார் என்று இப்போது தெரிகிறதல்லவா என்று கேட்டார். நான் எழுதிய பதிவேட்டுப் பக்கத்தையும், தேதி நேரத்தோடு, சேர்த்துக் கொடுத்தார்.

அதிகாரி அக்காவை முன்னால் கூப்பிட்டார். “கையெழுத்து உங்களுடையதா?”

அக்கா தாளைப் பார்த்தாள். பதிவேட்டுப் பக்கத்தைப் பார்த்தாள். அதன் அடியில் என் பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் என் பெயரை மட்டும் அவளுக்கு வாசிக்கத் தெரியும். சின்ன வயதில் என் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

எழுதியது இவள்தான், எனக்குப் படித்துக் காட்டவில்லை என்று அவள் சொல்லியிருந்தால் என் வேலை அங்கேயே போயிருக்கும்.

“ஆமா. என் கையெழுத்துதான்” என்றாள் ஹிந்தியில்.

மனு தள்ளுபடியானது.

வெளியே டெம்போவில் அவளை ஏற்றவில்லை. குழந்தை அக்காவைப் பார்த்துக் கையை நீட்டியது. மராட்டிப் பெண் அந்தக் கையைப் பிடித்து மடக்கி, சேலைத் தலைப்புக்குள் வைத்து மூடிக்கொண்டாள். நான் கம்பெனி காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா ரோட்டோரமாக நடந்தாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். காரில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. டிரைவரை நிறுத்தச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அத்தான் சொல்லித்தான் அறிந்தேன். அவள் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். வாசல் தாழ்ப்பாளில் யாரோ ஒரு பழைய கேஸ் ரெகுலேட்டரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அவள் அதை எடுத்து எறிந்தாள். மறுநாள் இன்னொன்று தொங்கியது. பிறகு அவள் எடுப்பதை விட்டுவிட்டாள். நாற்றம் வரும் மத்தியானங்களில் குழந்தைகள் வந்து கதவைத் தட்டி, “ஆன்ட்டி, சிலிண்டரை மூடுங்க” என்று கத்திவிட்டு ஓடுவார்கள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமுவாளாம், வெளியே கேட்டுவிடக் கூடாது என்று.

அத்தான் டேங்கருக்குள் ஒருநாள் மயங்கி விழுந்தார். மேலே நின்றவன் கயிற்றால் இழுத்து எடுத்தான். மூன்று நாள் தலை தூக்க முடியவில்லை. நான்காம் நாள் போனபோது அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார். இந்த முறை அக்கா எனக்கு ஃபோன் செய்யவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்பர்நாத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு பெயின்ட் ஃபாக்டரியில் அத்தானுக்கு வாட்ச்மேன் வேலை.

இரண்டு வருடம் கழித்து கம்பெனி புகார்களையெல்லாம் மொபைல் ஆப்புக்கு மாற்றியது. மனிதர்கள் எடுத்துப் பேச வேண்டியதில்லை. மேனேஜர் என்னை உட்காரவைத்து, “உங்க மாதிரி ஒருத்தரை இழக்கறது கஷ்டமாத்தான் இருக்கு” என்றார். நிரந்தர வேலை அத்தோடு முடிந்தது. அவர் அதையும் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அம்பர்நாத்துக்குப் போனேன். முந்தியே போகவில்லை. வேலை இருந்தவரை எனக்குப் போகத் தோன்றவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். பாதியாக இருந்தாள். மூக்கில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மறுமுனை கட்டிலுக்கு அடியில் இருந்த ஆக்சிஜன் மெஷினில். என்னைப் பார்த்தாள்.

“வாங்க” என்றாள். “உக்காருங்க.”

பிறந்ததிலிருந்து அவள் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். நான் நின்றுகொண்டே அழுதேன். அக்கா காத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஏப்ரல் மாதத்து ஃபோன், மேனேஜர் அறையில் நான் காட்டிக்கொடுத்தது, நடுப்பத்தி எல்லாம். நடுப்பத்தி அவளுக்குத் தெரியும். பாஸ் விஷயம் தெரியாது. அதைச் சொன்னபோது கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார். வெளியே வரவில்லை.

“சொல்லி முடிச்சிட்டீங்களா?” என்றாள் அக்கா.

“அக்கா, என்னை ரெண்டு அறை அறைஞ்சிரு.”

“அறைய மூச்சு வேணும்லா. டீ ஆறிடும், குடிச்சிட்டுப் போங்க.”

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஏதோ கேட்க வந்து வாசலில் நின்றாள். என்னைப் பார்த்துவிட்டு, யார் என்று ஹிந்தியில் கேட்டாள். ஊரிலிருந்து வந்த சொந்தமா என்றாள்.

“இல்ல, கம்பெனிலேருந்து வந்திருக்காங்க” என்றாள் அக்கா. “போற நேரம்தான்.”

டீயைக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைக்க அடுக்களைக்குப் போனேன். அத்தான் என் கையிலிருந்து அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாதம் ஒருமுறை இப்போதும் போகிறேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம். வர வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து வாங்க என்கிறாள். நான் உள்ளே போய் உட்காருகிறேன்.